பட்டறைக்குப் போகிறவனுக்கு டேன் தீட்டா எதற்கு?

கேள்வி: ஐயா, கோவை கணபதியில் மூன்று லேத்தும் (கடைசல் மிஷின்) ஒரு பழைய சிஎன்சியும் (கம்ப்யூட்டரில் ஓடும் மிஷின்) வைத்து ஜாப் ஒர்க் செய்துகொண்டிருக்கிறேன். நான் ஏழாவதோடு நிறுத்தியவன். மகன் அரசுப் பள்ளியில் பத்தாவது. அரையாண்டில் கணக்கில் 31 மார்க். "பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவதில் ஒன்றுகூட நம் பட்டறைக்கு ஆகாது, நான் இப்போதே வேலைக்கு வந்துவிடுகிறேன்" என்கிறான். இன்ஜினியரிங் முடித்த பக்கத்து வீட்டுப் பையன் 15 ஆயிரத்துக்குப் போகிறான், நம் ஆபரேட்டருக்கு நீங்களே 22 ஆயிரம் தருகிறீர்கள் என்று கணக்குக் காட்டுகிறான். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. வீட்டில் அவன் அம்மா இரண்டு வாரமாக அழுகிறார். உண்மையைச் சொன்னால் எனக்குமே அவன் சொல்வது சரியோ என்றுதான் இருக்கிறது. பெரிய கம்பெனிக்குப் பில் போட்டால் நாலு மாதம் பணம் வருவதில்லை, என் தலைவலி அது, அதற்கு எந்தப் பள்ளிக்கூடம் வழி சொன்னது? பையனை நிறுத்திக் கூட வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வணக்கம். நான் 28 வருடம் ஐடிஐயில், அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தில், டர்னர் (லேத் வேலை) பிரிவில் பயிற்சி கொடுத்தவன், ஓய்வுக்குப் பிறகுதான் இந்த ஆலோசனை வேலையெல்லாம். அதனால் எனக்குப் பட்டறைப் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு, அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

பத்தாவதோடு நிறுத்தலாமா என்று கேட்டிருந்தால்கூட உட்கார்ந்து யோசித்திருப்பேன். நீங்கள் கேட்பது பத்தாவதை முடிப்பதற்கு முன்பே நிறுத்தலாமா என்று. வேண்டாங்க. பொதுத் தேர்வுக்கு இன்னும் சில மாதம்தான் இருக்கிறது, எழுதிவிட்டு வரட்டும்.

சரி, அவன் கேட்ட கேள்விக்கு வருவோம், ஏனென்றால் அது மட்டமான கேள்வி இல்லை, அதற்குப் பதில் சொல்லாமல் "பெரியவங்க சொன்னா கேளு" என்று அடக்கினால் தேர்வு மட்டும்தான் எழுதுவான். ஆனால் அதற்கு முன் ஒன்று கவனியுங்கள். கடிதத்தில் அந்த 31 மார்க்கைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு என்னவோ கடிதத்தின் நடுப்புள்ளியே அதுதான் என்று தோன்றுகிறது. என் பிரிவுக்கு வந்த பையன்களில் "இது எதுக்கு சார்" என்று முதல் வாரமே கேட்டவர்களைத் தனியாகக் கூப்பிட்டு முக்காலையும் காலையும் கூட்டச் சொன்னால் பாதிப் பேருக்கு வராது. ஆறாவதிலோ ஏழாவதிலோ பின்னத்தில் நூல் அறுந்திருக்கும், அதற்குப் பிறகு நாலு வருடம் போர்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். புரியாத ஒன்றின் முன் தினம் ஏழு மணி நேரம் உட்காருவது எவ்வளவு பெரிய தண்டனை என்று நினைத்துப் பாருங்கள், அதிலிருந்து மானத்தோடு வெளியே வர ஒரு பையனுக்கு இருக்கிற ஒரே கதவு "இது எதுக்கும் ஆகாது" என்று சொல்லிவிடுவது. உங்கள் பையனும் அப்படித்தான் என்று நான் முடிவு கட்டவில்லை. ஒரு நாள் கோபப்படாமல் உட்கார்ந்து, எந்த வகுப்பு வரை கணக்கு பிடித்திருந்தது என்று கேளுங்கள். "ஆறாவது வரை" என்று சொன்னால் விஷயம் அங்கே இருக்கிறது.

இப்போது அவன் கேள்வி. பள்ளிக் கணக்குக்கும் பிழைப்புக்கும் சம்பந்தம் இல்லை என்கிறான். இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். பிரேசிலில் ரெசிஃபே என்ற ஊரில் தெருவில் தேங்காய் மாதிரிப் பொருள்களை விற்கிற பிள்ளைகளிடம் வாடிக்கையாளர் மாதிரிப் போய் விலை கேட்டிருக்கிறார்கள், 1985இல் வெளிவந்த ஆய்வு அது. ஒரு காய் 35, நாலு காய் எவ்வளவு என்றால், மூன்று 105, அதோடு 30 சேர்த்தால் 135, இன்னும் அஞ்சு, ஆக 140 என்று வாயாலேயே போட்டுச் சொல்லியிருக்கிறது பிள்ளை. அதே பிள்ளையை உட்கார வைத்துக் காகிதத்தில் 35ஐ 4ஆல் பெருக்கச் சொன்னால் 200 என்று எழுதியிருக்கிறது. கையில் வைத்த 2ஐ முதலிலேயே கூட்டிவிட்டுப் பிறகு பெருக்கியிருக்கிறது, பள்ளி சொன்ன படிகளைத் தப்பாக ஞாபகம் வைத்திருந்த பிழை அது. சந்தையில் கேட்ட கணக்குகளில் அந்தப் பிள்ளைகள் 98 சதவீதம் சரி, காகிதத்தில் வெறும் எண்ணாகக் கொடுத்தால் 37 சதவீதம்தான்.

இதைப் படித்ததும் உங்கள் பையன் "பாத்தீங்களா" என்பான். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். 2025இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, அந்த நோபல் வாங்கிய தம்பதிதான், இன்னும் சிலரோடு சேர்ந்து கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் இதையே பெரிய அளவில் செய்து பார்த்து வெளியிட்டார்கள். கிலோ 20 ரூபாய் உருளைக்கிழங்கு 800 கிராம், கிலோ 15 ரூபாய் வெங்காயம் ஒரு கிலோ 400 கிராம், எவ்வளவு என்றால் கடைப் பிள்ளைகள் மனதிலேயே 37 என்று சொல்கிறார்கள், ஆனால் பள்ளியில் வருகிற மாதிரி வகுத்தல் கணக்கு கொடுத்தால் திணறுகிறார்கள். இன்னொரு பக்கமும் பார்த்தார்கள். பள்ளிக்கு மட்டும் போகிற பிள்ளைகளுக்குக் காகிதக் கணக்கு அவர்களைவிட நன்றாக வருகிறது, கடைக் கணக்கில் திணறுகிறார்கள். ஆக இரண்டு தரப்பும் ஊனம்தான். சந்தை தானாகப் பள்ளிக் கணக்கைக் கற்றுக் கொடுத்துவிடாது, பள்ளியும் தானாகச் சந்தைக்கு வந்து சேராது. நடுவில் யாராவது நின்று இதுதான் அது என்று காட்ட வேண்டும். உங்கள் பையனுக்கு அந்த ஆள் நீங்கள்தான், ஏனென்றால் அவனுடைய கணக்கு வாத்தியாரிடம் லேத் கிடையாது.

ஒரு டேப்பர் ஜாப், அதாவது ஒரு முனை பெருத்து மறுமுனை சிறுத்த உருளை, எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய முனை 40 எம்எம், சின்ன முனை 30, நீளம் 50. உங்கள் பழைய லேத்தில் இதை எப்படிப் போடுவீர்கள்? டூலைத் தாங்குகிற காம்பவுண்டு ஸ்லைடை லூஸ் செய்து, உத்தேசமாகத் திருப்பி, ஒரு கட் ஓட்டி, கேஜில் பார்த்து, சுத்தியலால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டி, மறுபடி ஓட்டி, இப்படி மூன்று முறையோ நாலு முறையோ. அனுபவம் இருக்கிற உங்களுக்கு இரண்டிலேயே வந்துவிடும், நான் மறுக்கவில்லை. 40இல் 30 போனால் 10, அதை நீளத்தின் இரண்டு மடங்கான 100ஆல் வகுத்தால் 0.1, டேன் எந்தக் கோணத்துக்கு 0.1 வரும் என்று போனில் பார்த்தால் 5 டிகிரி 42 நிமிடம் சொச்சம். ஸ்லைடை அங்கே வைத்தால் அநேகமாக முதல் கட்டிலேயே கிட்ட வந்துவிடும். அவனுடைய பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் முக்கோணவியல் பாடத்தில் இருக்கிற டேன் தீட்டா இதுதான், வேறு எதுவும் இல்லை. புத்தகத்தில் கோபுர உச்சியைப் பார்த்துக்கொண்டு யாரோ ஒருவர் நிற்பார், பையனுக்கு அந்தக் கோபுரத்தோடு என்ன உறவு? எனக்கும் அந்தப் படத்தைக் கண்டால் எரிச்சல்தான். டர்னர் படிக்கிறவனுக்குக் கோபுரத்தைப் படுக்கப் போட்டு டேப்பராகக் காட்டினால் அஞ்சு நிமிடத்தில் பிடித்துக்கொள்வான், நூற்றுக்கணக்கான பையன்களிடம் பார்த்தது இது. ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கும் அதே கதை. வெட்டு வேகம் நிமிடத்துக்கு 150 மீட்டர் என்று இன்சர்ட் (டூலின் வெட்டு முனை) டப்பாவில் போட்டிருக்கும், ஜாப் விட்டம் 50, எத்தனை சுற்றில் ஓட்டுவது? வட்டத்தின் சுற்றளவு தெரிந்தால் 955 என்று வரும், தெரியாவிட்டால் பக்கத்து மிஷின்காரர் வைத்திருக்கிறதையே வைத்து ஓட்டி இன்சர்ட்டை உடைப்பான், இன்சர்ட் விலை உங்களுக்குத் தெரியும்.

கை வேலையில் என்னையே அசர வைத்த மாணவன் ஒருவன் இருந்தான். சத்தத்தை வைத்தே டூல் மழுங்கிவிட்டது என்பான், கைப்பக்குவம் அப்படி. தியரி வகுப்பு என்றால் மட்டும் ஆள் இருக்க மாட்டான். வெளியே போய் ஒரு இடத்தில் ஷாஃப்ட் வேலை, டிராயிங்கில் 40 எச்7 என்று சின்ன எழுத்து எச்சில் போட்டிருந்தது. இவன் 40க்கு 0.02 மேலே வைத்து முடித்திருக்கிறான், இரண்டு பாயிண்ட்தானே, அருமையான வேலை என்று நினைத்து. சின்ன எச்7 என்றால் 40 எம்எம்முக்கு மேலே ஒரு மைக்ரான்கூடப் போகக் கூடாது, கீழே 25 மைக்ரான் வரை போகலாம் என்பது அவனுக்குத் தெரியாது. மொத்த லாட்டும் திரும்பி வந்தது. கை அப்படி இருந்தும் அந்த ஓர் எழுத்தைப் படிக்கத் தெரியாததால் அவன் இன்றும் யாராவது செட்டிங் போட்டுக் கொடுத்தால் ஓட்டுகிற ஆளாகவே இருக்கிறான், சந்தித்தால் சிரித்துக்கொண்டே சொல்வான், எனக்குத்தான் சங்கடமாக இருக்கும்.

15 ஆயிரம், 22 ஆயிரம் கணக்குக்கும் ஒரு வார்த்தை. 22 ஆயிரம் வாங்கும் உங்கள் ஆபரேட்டர் எத்தனை வருடமாக மிஷினில் நிற்கிறார், சேர்ந்த வருடம் என்ன வாங்கினார் என்று பையனை அவரிடமே போய்க் கேட்கச் சொல்லுங்கள். அவருடைய பிள்ளை என்ன படிக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்கட்டும், அந்தப் பதில் எனக்கு இங்கிருந்தே தெரியும்.

இப்போது நீங்கள் சொன்ன பில் விவகாரம். எந்தப் பள்ளிக்கூடமும் வழி சொல்லவில்லை என்கிறீர்கள், அது நிஜம்தான், ஆனால் வழி இருக்கிறது. 2006ஆம் வருடச் சிறு குறு தொழில் சட்டப்படி, உத்யம் பதிவு வைத்திருக்கிற குறு, சிறு தொழிலுக்கு வாங்குகிறவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும், பர்ச்சேஸ் ஆர்டரில் 120 நாள் என்று அவர்கள் அடித்திருந்தாலும் சட்டத்தில் அது நிற்காது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. கணக்குக்கு எளிதாக வங்கி விகிதத்தை 6 என்று வைத்தால் மூன்று மடங்கு 18, மாதத்துக்கு ஒன்றரை. ஒரு லட்ச ரூபாய் பில் கெடு தாண்டி மூன்று மாதம் இழுத்தால் 4,568 ரூபாய் உங்களுக்கு வட்டியாகவே வர வேண்டும். வரவில்லை என்றால் இதற்கென்று இருக்கிற அரசு இணையதளத்தில் புகார் போடலாம், அது மாநிலத்தில் இந்தத் தகராறைத் தீர்க்கிற வசதிக் கவுன்சிலுக்குப் போகும். பெரிய கம்பெனியைப் பகைத்துக்கொண்டால் ஆர்டர் போய்விடும் என்று யோசிப்பீர்கள், அதில் நியாயம் இருக்கிறது, எப்போது கேட்பது எப்போது விடுவது என்பது உங்கள் தொழில் சாமர்த்தியம். ஆனால் கேட்க உரிமை இருக்கிறது என்று தெரிந்து விட்டுக்கொடுப்பது வேறு, தெரியாமலே வருடக்கணக்காகக் காத்துக் கிடப்பது வேறு. இங்கிலீஷில் நாலு பக்கம் வருகிற அந்தப் பர்ச்சேஸ் ஆர்டரைப் படித்துவிட்டா கையெழுத்துப் போடுகிறீர்கள்? கோபித்துக்கொள்ளாதீர்கள், ஏழாவதோடு நிறுத்தியதற்கு நீங்கள் இத்தனை வருடம் கட்டிய வட்டி இது. கூட்டு வட்டி உங்கள் பையன் எட்டாவதிலேயே படித்துவிட்டான், மறந்திருப்பான், அது வேறு விஷயம்.

"காமராஜர் படிச்சாரா, ஜி.டி. நாயுடு படிச்சாரா" என்ற பேச்சும் உங்கள் வீட்டில் வந்திருக்கும், கோயம்புத்தூரில் வராமல் இருக்காது. படிக்கவில்லைதான். ஆறாவதைத் தாண்டாத காமராஜர் முதலமைச்சரானதும் என்ன செய்தார்? அதற்கு முந்தின வருடம், 1953இல், ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்திருந்தார், கிராமத்துப் பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகட்டும் என்று. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வாங்கி ஊரே எதிர்த்தது. காமராஜர் 1954இல் வந்த வேகத்தில் அதை எடுத்தார், பிறகு ஊர் ஊராகப் பள்ளியைத் திறந்து மதியச் சோறும் போட்டார். ஜி.டி. நாயுடு ஆரம்பப் பள்ளியோடு நின்றவர், அவர் முயற்சியில் 1945இல் தொடங்கியதுதான் தடாகம் ரோட்டில் இன்று ஜி.சி.டி. என்று நிற்கிற அரசு தொழில்நுட்பக் கல்லூரி. நாலு வருடப் படிப்பு வீண், இரண்டு வருடத்தில் முடிக்கலாம் என்று அவர் சண்டை போட்டார், படிப்பே வேண்டாம் என்று போடவில்லை. பள்ளிக்கூடம் இல்லாமல் மேலே வந்த இரண்டு பேரும் கையில் காசும் அதிகாரமும் வந்ததும் செய்த காரியங்களில் ஒன்று அடுத்தவன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கட்டியது. தமக்கு அது இல்லாதபோது எவ்வளவு சுற்றிப் போக வேண்டியிருந்தது என்று அவர்களுக்குத்தானே தெரியும்.

அந்தக் குலக்கல்வியை நான் இழுத்ததற்குக் காரணம் இருக்கிறது. லேத்காரர் மகன் லேத்துக்கு வருவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவன் விரும்பி வந்தால் சந்தோஷம். ஆனால் 15 வயதில் வேறு கதவே இல்லாமல் அடைத்துவிட்டு வருவதுதான் பயம். பத்தாவது பாஸ் என்ற காகிதம் வெறும் காகிதம்தான், ஆனால் அது எங்கெங்கே கேட்கப்படுகிறது என்று பாருங்கள். பத்தாவது பாஸ் இல்லாதவருக்குப் பாஸ்போர்ட்டில் பொதுவாக இசிஆர் முத்திரை விழும், நாளைக்குத் துபாயிலோ கத்தாரிலோ மலேசியாவிலோ நல்ல மிஷின் ஷாப் வேலை வந்தால் குடிபெயர்வு அனுமதி வாங்கித்தான் விமானம் ஏற முடியும். ஐடிஐயில் டர்னர், மெஷினிஸ்ட், டூல் அண்ட் டை மேக்கர், எல்லாம் இரண்டு வருடம், எல்லாவற்றுக்கும் பத்தாவது பாஸ் வேண்டும். பாலிடெக்னிக் டிப்ளமோவுக்கும் அதே. பத்தாவது இல்லையென்றால் அவன் ஆசைப்படுகிற இந்தத் தொழிலிலேயே மேல் படிகள் மூடிக்கொள்ளும், அதை அவனிடம் இப்படியே சொல்லுங்கள்.

பள்ளிக்கூடத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை அப்படியே விட்டுவிட்டு இரண்டு வருடமும் பன்னிரண்டாவதையே உருப்போட வைத்த தனியார் பள்ளிகளால்தான் 2017-18இல் பதினொன்றுக்கும் பொதுத் தேர்வு வைக்க வேண்டி வந்தது. என் வகுப்புக்கு வந்த பையன்களில் 80க்கு மேல் எடுத்தவனுக்கும் வெர்னியரில் தசமப் புள்ளி எங்கே விழும் என்று நான்தான் காட்டினேன். கோளாறு நிறைய இருக்கிறது. கோளாறான மிஷினை சர்வீஸ் பார்த்துத்தான் ஓட்டுகிறோம், தூக்கி இரும்புக் கடையில் போடுவதில்லை.

என்ன செய்யலாம் என்றால், தேர்வு வரை கணக்கில் முழுப் புத்தகத்தையும் முடிக்க வேண்டாம். பின்னம், தசமம், சமன்பாடு, வடிவியலில் சுலபமானது, அளவியல், முக்கோணவியல், இவ்வளவு போதும், பாஸ் தாராளமாக வரும். பெரிய டியூஷன் சென்டர் தேவையில்லை, அக்கம்பக்கத்தில் கல்லூரி படிக்கிற பிள்ளை யாராவது பொறுமையாகத் தினம் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் சரி, 15 ஆயிரத்துக்குப் போகிற அந்தப் பக்கத்து வீட்டுப் பையனையே கேட்டுப் பாருங்களேன். ஒருவேளை தவறிவிட்டால் ரிசல்ட் வந்த கொஞ்ச நாளிலேயே துணைத் தேர்வு இருக்கிறது, வருடம் வீணாகாது. அதற்காக அடிக்காதீர்கள்.

பாஸ் ஆனதும் என் யோசனை அரசு ஐடிஐயில் மெஷினிஸ்ட் அல்லது டூல் அண்ட் டை மேக்கர். 71 அரசு ஐடிஐகளில் டாட்டா டெக்னாலஜிஸோடு சேர்ந்து புது மிஷின்கள் போட்டிருக்கிறார்கள், உங்கள் பழைய சிஎன்சியைவிட நல்ல மிஷினில் கை வைக்க வாய்ப்பு உண்டு. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 1,000 ரூபாய், அதற்குத் தகுதி உண்டா என்று சேரும்போதே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ஐடிஐ முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம், டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் வருடம். போக வேண்டும் என்று இல்லை, போக மனசு வந்தால் வழி திறந்திருக்கும். இரண்டு வருடம் கழித்து உங்கள் பட்டறைக்கே வந்தாலும் டிராயிங் படிக்கிற, புரோகிராம் எழுதுகிற ஆளாக வருவான், இன்று அதற்கு வெளியாளைக் கூப்பிட்டுக் காசு கொடுக்கிறீர்கள் இல்லையா?

அதுவரை சனிக்கிழமை மதியம் பட்டறைக்கு வரட்டும். சும்மா கூட்டிப் பெருக்க வேண்டாம், பார்த்துக் கணக்குப் போட வேண்டும். டேப்பர் ஜாப் வந்தால் கோணத்தை அவன் சொல்லட்டும், நீங்கள் ஸ்லைடை வைத்துப் பாருங்கள், சரியாக வந்தால் மிஷின்காரர்கள் முன்னால் ஒரு வார்த்தை பாராட்டுங்கள், அவன் கணக்குக்காகக் கடைசியாகப் பாராட்டு வாங்கி எத்தனை வருடம் ஆகியிருக்கும்! இன்னொரு வேலையும் கொடுங்கள், வராத பில்களை எடுத்து வைத்து எந்தெந்தக் கம்பெனி எத்தனை நாள், வட்டி எவ்வளவு என்று ஒரு நோட்டில் போடச் சொல்லுங்கள். மொத்தத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் இருவரும் என்ன பேசிக்கொண்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

18 ஆகும் வரை தனியாக மிஷினில் நிற்க விடாதீர்கள், ஆள் வரவில்லை, ஒரு நாள்தானே என்றாலும் வேண்டாம். தொளதொளச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டு லேத் பக்கம் வரக் கூடாது. அப்புறம் ஜாப்பைக் கவ்வுகிற சக்கில் அதன் சாவியை விட்டுவிட்டு சுவிட்சைப் போடக் கூடாது, இதை மட்டும் முதல் சனிக்கிழமையே சொல்லிவிடுங்கள்.